மறதியின் வழித்தடம்



1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் ஆகுஸ்டே டீட்டர். கணவர் ரயில்வேயில் எழுத்தர். நெடுங்காலம் அமைதியாக நடந்த இல்லறத்தில் திடீரெனக் கணவர்மீது காரணமற்ற ஐயம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து நினைவு தடுமாறிற்று. வீட்டுப் பொருள்களை இங்குமங்கும் எடுத்துச் சென்று ஒளித்துவைப்பார். குடியிருந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் திகைப்பார்.

மறுநாள் அவரிடம் வினவி விடைகளை எழுதிவைத்தவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். பெயர் என்ன என்று கேட்டார்; ஆகுஸ்டே என்று விடை வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டபோதும் ஆகுஸ்டே என்றே விடை. கணவர் பெயரைக் கேட்டதற்கும் அதே பெயர். காலிபிளவரும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது என்ன என்று கேட்டதற்குப் பசலைக்கீரை என்றார். முழுப்பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்ற பொருளுடைய சொல்லை மட்டும் எழுதி நிறுத்திவிட்டார், எஞ்சியது மறந்துபோயிற்று. தம்மையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் அக்குறிப்புகளில் உள்ளது. அந்தக் கோப்பு பல்லாண்டுகள் எங்கிருக்கிறதென்றே அறியப்படாமல் கிடந்து, 1995இல் பிராங்பர்ட் பல்கலைக்கழக மனநலத்துறைக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

ஆகுஸ்டே 1906 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார். அப்போது மியூனிக் நகருக்குப் பணிமாறியிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்தார். மென்மையாகச் சீவிய மூளைத் திசுவில் வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு மாற்றங்கள் தென்பட்டன. நரம்பணுக்களுக்கு வெளியே, மூளையின் மேற்புறணி எங்கும் சிறுசிறு படிவுகள் சிதறிக் கிடந்தன. நரம்பணுக்களுக்கு உள்ளேயோ, முறுக்கேறிய நூற்சிக்கல் போன்ற இழைக்கட்டுகள் நிறைந்திருந்தன. சில இடங்களில் அணு அழிந்து, சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டியூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர் பேரவையில் இதனை அவர் விளக்கியுரைத்தார். உரை முடிந்தபின் ஒருவரும் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. 1910இல் வெளிவந்த தம் பாடநூற் பதிப்பில் கிரேப்லின் என்னும் பேராசிரியர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். இன்று மறதிநோய்களுள் மிகப் பெரும்பான்மையானது அதுவே. இரத்தக் குழாய் அடைப்பால் வருவது, லூயி துகள்களால் வருவது, மூளையின் நெற்றிமடலைத் தாக்குவது என வேறு வகைகளும் உண்டு. முதியோர் பலரிடம் இவற்றுள் இரண்டு சேர்ந்தே காணப்படும்.

வெள்ளிச் சாயத்தில் தெரிந்த அந்தப் படிவுக்கும், 'திருமதி' என்ற சொல்லோடு நின்றுபோன அந்தப் பேனாவுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு விடை காண நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடை இன்னும் முழுமையடையவில்லை எனினும் அதன் உருவம் தெளிவாகிவிட்டது.

டியூபிங்கன் உரை நிகழ்ந்த 1906ஆம் ஆண்டிலேயே, மருத்துவத்துக்கான நோபல் பரிசை இத்தாலியரான கோல்கியும் ஸ்பானியரான ரமோன் இ கஹாலும் பகிர்ந்துகொண்டனர். பரிசு ஒன்று, கொள்கைகள் இரண்டு. மூளை என்பது அறுபடாத ஒரே வலை என்பது கோல்கியின் கொள்கை. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிர். ஒன்றையொன்று நெருங்கி நிற்கும், ஒட்டிக்கொள்ளாது என்பது கஹாலின் கொள்கை. வென்றது கஹாலின் கொள்கையே. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு உறவாடுகிறது. அணுவும் அணுவும் சந்திக்கும் இடத்தைச் சினாப்ஸ் என்று அறிவியலார் வழங்குவர். தமிழில் நரம்பிணைப்பு எனலாம். அவ்விணைப்பில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம். ஓர் அணுவின் மின்துடிப்பு அந்தக் கரையை அடைந்ததும் வேதிப்பொருளாகச் சொரிந்து, மறுகரையிலுள்ள அணுவைத் தூண்டுகிறது.

நினைவு என்பது எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மீண்டும் மீண்டும் ஒருங்கே துடிக்கும் அணுக்களுக்கிடையே இணைப்பு வலுப்படும் என்று கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்டு ஹெப் 1949இல் எழுதினார். 1973இல் பிளிஸ், லோமோ என்னும் இருவர், முயலின் மூளையில் அத்தகைய வலுப்பேறு மணிக்கணக்கில் நிலைத்திருப்பதைச் சோதனையில் காட்டினர். ஒற்றையடிப் பாதை காலடி பட்டுப் பட்டே பாதையாகிறது. நடப்பார் இல்லையெனில் புல் மூடிவிடுகிறது. மூளையின் இணைப்பும் அத்தகையதே. ஒரு முகமோ, ஒரு பெயரோ, ஒரு பாட்டின் மெட்டோ தனியோர் அணுவில் அடைபட்டுக் கிடப்பதில்லை. பல அணுக்களை இணைக்கும் தடமாக அமைந்திருக்கிறது.

அத்தடம் புதிதாக உருவாகத் துணைநிற்கும் உறுப்பு, காதுக்கு மேலே உட்புறமாக, இருபக்கமும் அமைந்த ஹிப்போகாம்பஸ் ஆகும். கடற்குதிரை போன்ற வடிவத்தால் வந்த பெயர் அது. 1953இல் வலிப்பு நோய்க்காக அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. இளமைக்கால நினைவுகள் இருந்தன. சற்றுமுன் சந்தித்தவர் நினைவில் இல்லை. வியப்பு என்னவெனில், கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் தேறினார். அப்பயிற்சியைச் செய்ததே இல்லை என்றும் நம்பினார். கை கற்றதை மனம் அறியவில்லை. நினைவு ஒன்றல்ல, பல என்பதை மருத்துவ உலகம் அவரிடமிருந்தே கற்றது.

ஹிப்போகாம்பஸுக்குச் செய்திகள் நுழையும் வாயில் ஒன்று உண்டு. என்டோரைனல் புறணி என்பது அதன் பெயர். கண்டது, கேட்டது, தொட்டது அனைத்தும் பெரும்பாலும் இவ்வாயில் வழியாகவே உட்செல்கின்றன. அல்சைமர் நோய் மிக முன்னதாகத் தாக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. நோய் மிக இலேசாக இருந்த நிலையிலேயே இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 1996இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, இவ்வாயிலின் இரண்டாம் அடுக்கிலுள்ள நரம்பணுக்களில் 60 விழுக்காடு அழிந்திருந்தன. நோய் முற்றியவர்களிடம் 90 விழுக்காடு. முதியவர் ஒருவர் காலையில் உண்டதை மறந்து, ஐம்பதாண்டுக்கு முந்திய திருமணத்தைத் தெளிவாக விவரிப்பதன் காரணம் இதுவே. பழைய ஏடுகள் உள்ளே இருக்கின்றன. புதிய ஏடு நுழைய வாயில் இல்லை.

இனி, அல்சைமர் கண்ட இரண்டு மாற்றங்களும் எவற்றால் ஆனவை என்பதைக் காணலாம். வெளியே கிடந்த படிவு, பீட்டா அமிலாய்டு என்னும் சிறு புரதத்தால் ஆனது. 1984இல் கிளெனர், வாங் என்னும் இருவர் அதனைப் பிரித்தறிந்தனர். நரம்பணுவின் புறச்சவ்வில் பொருந்தியிருக்கும் ஒரு பெரும் புரதத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது விழும் துண்டு அது. எல்லார் மூளையிலும் அது உண்டாகிறது. உண்டானது அகற்றப்படவும் செய்கிறது. அகற்றம் தளரும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. முதலில் சிறு கொத்துகள். முடிவில் பெரும் படிவுகள். அந்தப் பெரும் புரதத்துக்குரிய மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. அக்குரோமோசோம் இரண்டுக்கு மூன்றாக அமைந்த டவுன் கூட்டறிகுறி உடையோர்க்கு நடுவயதிலேயே இப்படிவுகள் தோன்றுவது அதனால்தான்.

உள்ளே இருந்த சிக்கல், டௌ என்னும் புரதத்தால் ஆனது. நரம்பணுவின் நீண்ட இழைக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் நீண்டு கிடக்கின்றன. அணுவின் நடுவிடத்தில் உருவாகும் சரக்கு அவற்றின் மேல் ஏறியே தொலைவிலுள்ள இணைப்புமுனையை அடைகிறது. அத்தண்டவாளம் கழன்றுவிடாமல் தாங்குவது டௌவின் வேலை. நோயில் அளவுக்கு மீறிய பாஸ்பேட் ஏறி, டௌ தண்டவாளத்தை விட்டு விலகி, தமக்குள் முறுக்கிக்கொள்கிறது. தண்டவாளம் தளர்கிறது; சரக்குப் போக்குவரத்து தடைப்படுகிறது. அணு உயிரோடு இருக்கும்போதே அதன் தொலைமுனை பட்டினி கிடக்கிறது.

இங்கேதான் நோயின் மையம் இருக்கிறது. மறதியின் கடுமைக்கும் படிவுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள ஒப்புமை குறைவே. 1991இல் ராபர்ட் டெரியும் அவர் குழுவினரும் மூளைத்திசுவை அளந்து, மறதியின் கடுமையோடு மிக நெருங்கிப் பொருந்துவது நரம்பிணைப்புகளின் இழப்பே என்று காட்டினர். அமிலாய்டின் சிறு கொத்துகள் இணைப்பின் வலுப்பேற்றைக் குலைக்கின்றன. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குசெய்யும் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள், நோயின் தொடக்கத்தில் வேண்டிய இணைப்புகளையே விழுங்குவதாக எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் அறிவித்தது. அணு சாவது பிந்தியது. உறவு அறுவது முந்தியது.

உறவு அறும் வரிசைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஹைக்கோ பிராக், ஏவா பிராக் என்னும் ஜெர்மானியத் தம்பதியர் 1991இல் டௌ சிக்கலின் பரவலை ஆறு படிகளாக வகுத்தனர். முதலிரு படிகளில் வாயிற்பகுதி. அடுத்த இரண்டில் ஹிப்போகாம்பஸும் உணர்ச்சிக்குரிய பகுதிகளும். கடைசி இரண்டில் பொருளறிவும் மொழியும் திட்டமிடலும் நிகழும் மேற்புறணி. காட்சியையும் அசைவையும் முதலில் ஏற்கும் பகுதிகள் மிகப் பிந்தியே தாக்கப்படுகின்றன. சிக்கல் கண்டபடி பரவுவதில்லை. ஒன்றோடொன்று இணைந்த பகுதிகளின் வழியே செல்கிறது. நினைவு எந்தத் தடத்தில் நடந்ததோ, அந்தத் தடத்திலேயே நோயும் நடக்கிறது. முதலில் நேற்றைய பேச்சு, பின்பு வழி, பின்பு பெயர், பின்பு முகம் என்று குடும்பத்தார் கண்ணீரோடு எண்ணும் இழப்புகளின் வரிசை, பெரும்பாலும் இந்த வரைபடத்தின் வரிசையே ஆகும். முதல் அறிகுறி தோன்றுவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்னரே மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு சான்று இங்கே பொருந்தும். ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் இறுதி நாவல் 1995இல் வெளிவந்தது. அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது பின்னரே கண்டறியப்பட்டது. 1999இல் அவர் மறைந்தார். பீட்டர் காரார்டு என்னும் மருத்துவரும் உடன் ஆய்வாளரும், 1954இல் வந்த அவருடைய முதல் நாவலையும், 1978இல் வந்து புக்கர் பரிசு பெற்ற நாவலையும், அந்த இறுதி நாவலையும் ஒப்பிட்டு 2005இல் முடிவை வெளியிட்டனர். தொடரமைப்பு பெரிதும் மாறவில்லை. சொல்வளம் சுருங்கியிருந்தது; அரிய சொற்கள் குறைந்து, அடிக்கடி வழங்கும் பொதுச்சொற்கள் மிகுந்திருந்தன. அவரே உணர்வதற்கு முன் அவருடைய பக்கங்கள் உணர்த்திவிட்டன. அதிகம் நடந்த பாதை இறுதிவரை நிற்கிறது. எப்போதேனும் நடந்த பாதையைப் புல் முதலில் மூடுகிறது.

மற்றொரு சான்று நம்பிக்கை தருவது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர், 75 வயதைக் கடந்த 678 கன்னியாஸ்திரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆண்டுதோறும் சோதனைகளுக்கு இசைந்ததோடு, மறைவுக்குப்பின் தம் மூளையையும் அளிக்க அவர்கள் ஒப்பினர். மடத்தில் சேர்ந்த இளமையில், ஏறத்தாழ 22 வயதில், அவர்களுள் பலர் எழுதிய சிறு தன்வரலாறுகள் காப்பகத்தில் இருந்தன. ஒரு தொடரில் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று அவற்றை அளந்தபோது, செறிவு குறைந்து எழுதியவர்களுக்கே முதுமையில் நோய் மிகுதியாக வந்திருந்தது என 1996இல் அறிவிக்கப்பட்டது. எழுத்துப் பயிற்சி நோயைத் தடுத்தது என்று இதனைக் கொண்டு முடிவுகட்டுதல் ஆகாது. நோய்க்கான நிலம் இளமையிலேயே வேறுபட்டிருந்தது என்றும் பொருள் கொள்ளலாம். ஆயினும் அவர்களுள் ஒருவர் 101 வயதுவரை வாழ்ந்து, இறுதிவரை சோதனைகளில் நன்கு தேறினார். மறைவுக்குப்பின் அவர் மூளையில் படிவுகளும் சிக்கல்களும் மிகுந்திருந்தன. நோய் இருந்தது, மறதி இல்லை. இணைப்புகள் அடர்ந்திருக்கும் மூளையில் ஒரு தடம் அடைபட்டால் மாற்றுத் தடம் உண்டு என்று அறிஞர் இதனை விளக்குவர்.

மருந்தின் நிலை என்ன? அசிட்டைல்கோலின் என்னும் இணைப்புவேதி இந்நோயில் குறைவது 1970களில் அறியப்பட்டது. அது விரைந்து அழியாமல் காக்கும் மருந்துகள் 1990களில் வந்தன. சிலருக்குச் சில காலம் தெளிவு தந்தன. அமிலாய்டையே அகற்றும் லெக்கானிமாப் மருந்து 2023இலும், டொனானிமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. முன்னது, நோயின் தொடக்கநிலையில் இருந்தோர்க்கு 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. சரிவு நிற்கவில்லை, போன நினைவு மீளவில்லை, மூளை வீக்கமும் நுண்கசிவும் சிலருக்கு ஏற்பட்டன. அறுந்த இணைப்பை மீண்டும் முடியும் மருந்து எதுவும் இல்லை. ஆதலால் வருமுன் காப்பதே அறிவுடைமை. கல்விக்குறை, கேள்விக்குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை உள்ளிட்ட 14 காரணங்களை அகற்றினால் மறதிநோயில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024இல் கணித்தது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் வாழ்வது மருத்துவமனையில் அன்று, வீட்டில். உண்டு கைகழுவிய பாட்டி, மருமகள் சோறே போடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். தாமே வைத்து மறந்த நகையை மகன் எடுத்துவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறார். ஆகுஸ்டே தம் கணவர்மீது கொண்ட ஐயமும் இத்தகையதே. உண்டது தடமாகப் பதியவில்லை. நகையை வைத்த செய்தி வாயிலைக் கடக்கவில்லை. உள்ளே பதிவில்லாத நிகழ்ச்சி நிகழாத நிகழ்ச்சியே. அவ்வெற்றிடத்தை மனம் ஒரு காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. அது பொய்யும் அன்று, பிடிவாதமும் அன்று, நெடுநாள் மறைத்துவைத்த வஞ்சமும் அன்று. இவ்வுண்மை அறியாத வீட்டில் நோயாளி மட்டுமல்லர், இரவும் பகலும் அவரைப் பேணும் பெண்ணும் தண்டனை அடைகிறார்.

தமிழில் 'நினைவு' என்னும் சொல் இரு பொருள் தரும். கடந்ததை எண்ணுவதும் நினைவே. உணர்வோடு இருப்பதும் நினைவே. மறதிநோயில் முன்னது போகிறது. பின்னது நெடுங்காலம் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரக் காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் காட்டி, 2014இல் முடிவை வெளியிட்டனர். சிறிது நேரத்தில் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. ஆனால் அவை எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் காட்சி மறந்தபின்னும் தங்கியிருந்தன. காரணம் அழிந்தது, உணர்ச்சி நின்றது.

ஆதலின், கடிந்துரைத்த சொல் மறந்துபோகும் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை, சொல்தான் மறந்துபோகும். காலையில் மகள் வந்து கைபற்றி அமர்ந்திருந்ததை மாலையில் தாய் மறுக்கலாம். அந்த மாலையின் அமைதி காலையின் கொடையாக இருக்கலாம். ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்கும் முதியவர், தம்மளவில் அதனை முதன்முறையாகவே கேட்கிறார். விடையும் முதன்முறை சொல்வது போன்றே அமைதல் வேண்டும். மூளையின் நுண்ணிய இழைகளைக் குறித்து நூறாண்டு ஆராய்ச்சி ஈட்டிய அறிவு, அந்த ஒரு விடையின் குரலைத் தணிவிக்குமாயின், ஆகுஸ்டேயின் கோப்பில் எழுதப்பட்ட கேள்விகள் வீண்போகவில்லை எனலாம்.